அந்த டோஸ் யார் உடம்புக்கு?

மாலா-டி மாத்திரையை தூர்தர்ஷன் காலத்து ஆட்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஒரு அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். அதில் ஹார்மோன் இருப்பவை 21 மட்டும். மீதி ஏழும் வெறும் இரும்புச்சத்து. குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போட நினைக்கும் பெண்களுக்காக வந்த மாத்திரை இது. அரசு சுகாதார நிலையத்தில் மாலா-என் என்ற பெயரில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

இந்த மாதிரி மாத்திரைகளை வாங்க இன்னொருவரும் வருகிறார். மருந்துக்கடையில் கூட்டம் குறையும் வரை சற்றுத் தள்ளி நின்றுவிட்டு, 'அக்காவுக்கு' என்று சொல்லி வாங்கிப்போகிற இளம் திருநங்கை அவர். மார்பு வளரும், தோல் மென்மையாகும், முகத்தின் சாயல் மாறும் என்று போனில் பார்த்திருக்கிறார். ஒன்று போட்டால் மெதுவாக நடக்குமாம், நான்கு போட்டால் சீக்கிரம் நடக்குமாம். யாரோ ஒருவர் தன் படத்தையும் போட்டு, 'நான் இவ்வளவு எடுத்தேன்' என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் சீட்டு கேட்காத மாத்திரை, விலையும் குறைவு. கருத்தடை மாத்திரையை இப்படித் தானாகவே எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற வகை. உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனைப் போல இது சீக்கிரம் கரைந்து போவதில்லை; ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டிவிடும். கர்ப்பத்தைத் தடுக்கும் சிறிய அளவிலேயே அந்த அபாயம் கொஞ்சம் உண்டு. உடல் மாற்றத்துக்காக அதையே மடங்கு கணக்கில் விழுங்கினால், கால் நரம்பில் உறையும் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். புகைபிடிப்பவர் என்றால் அபாயம் இன்னும் அதிகம். அதனால்தான் திருநங்கைகளுக்கான ஹார்மோன் சிகிச்சையில் இந்த வகையை மருத்துவர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். இப்போது எழுதிக் கொடுப்பது எஸ்ட்ராடியால் என்ற வேறு வகை.

மாத்திரையின் பெயர் போனில் வந்து சேர்ந்துவிட்டது. அது கைவிடப்பட்ட செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சாலையில் இருபது கிலோமீட்டர் போனால் துவாக்குடி. பெல் தொழிற்சாலை, அதை நம்பியிருக்கும் வெல்டிங் பட்டறைகள், சிட்கோ, என்.ஐ.டி., சுங்கச்சாவடி என்று எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும் ஊர். ஊருக்கென்று ஓர் அரசு மருத்துவமனையும் இருக்கிறது. இப்படி ஓர் ஊரில் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தன் பாலினம் பற்றிய குழப்பம் வந்தால் யாரிடம் போய்க் கேட்கும்? வீட்டில் கேட்க முடியாது. பட்டறையில் கேட்டால் அன்றோடு வேலை போய்விடும். மருத்துவமனை வரிசையில் பின்னால் நிற்பவர் அடுத்த தெருக்காரராக இருப்பார். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு போனிடம் கேட்பது ஒன்றுதான் மிச்சம். 2016-க்குப் பிறகு டேட்டா விலை சரிந்ததும், இந்தக் கேள்விகள் கூச்சமில்லாமல் கேட்கப்படும் இடமாக போன் ஆகிவிட்டது. துவாக்குடி என்று இல்லை, மணப்பாறையிலும் லால்குடியிலும் இதேதான்.

போன் கெட்டது என்று சொல்ல வரவில்லை. அது வருவதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

காதுவழி வந்த மருத்துவம்

திருச்சியில் வளர்ந்த லிவிங் ஸ்மைல் வித்யா தன் வாழ்க்கையை 'நான், வித்யா' என்ற பெயரில் எழுதினார். 2007-ல் வந்த புத்தகம். பின்னாளில் கன்னடத்தில் படமாகி, அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. மொழியியலில் முதுகலை படித்த வித்யா, அறுவை சிகிச்சைக்காகப் போய்ச் சேர்ந்தது ஆந்திராவின் கடப்பாவுக்கு. போதிய வசதியோ கவனிப்போ இல்லாத இடத்தில் தாங்கிய வலியை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இவ்வளவு படித்தவர் ஏன் அங்கே போனார்? அன்றைக்கு மூத்தவர்களுக்குத் தெரிந்திருந்த வழி அது. அந்த வழியைச் சொல்வதற்கும் அவர்கள்தான் இருந்தார்கள்.

திருநங்கைகளின் ஜமாத்தில் இந்தத் தகவல் குருவிடமிருந்து சேலாவுக்கு, நானியிடமிருந்து பேத்திக்கு என்று காதுவழியாகவே போகும். எந்த ஊரில் ஆபரேஷன், எவ்வளவு பணம், யாரைப் பார்க்க வேண்டும், எதைச் சாப்பிடக் கூடாது என்பதெல்லாம் அதில் அடக்கம். அதற்கும் முந்தைய முறையில் டாக்டரே கிடையாது. தாயம்மா என்று அழைக்கப்படும் மூத்த திருநங்கை கத்தியை எடுப்பார். பிழைப்பதும் சாவதும் மாதாவின் கையில். வருஷத்துக்கு ஒருமுறை சித்திரையில் கூவாகம் போனால் பல ஊர்க்காரர்களைப் பார்க்கலாம், யாருக்கு நல்லபடியாக முடிந்தது, யாருக்குச் சிக்கலானது என்று விசாரிக்கலாம். தாலி கட்டுவதையும் அறுப்பதையும் மட்டும் படம் பிடிக்க வருபவர்கள் அந்த விசாரிப்புகளைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பழைய வழியில் ஒரு விஷயம் இருந்தது. ஆபரேஷன் முடிந்தவருக்கு நாற்பது நாள் காவல் உண்டு. வெந்நீர் வைக்க ஒருவர் இருப்பார், பத்தியச் சாப்பாடு செய்ய ஒருவர், ராத்திரி காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஒருவர். நாற்பதாம் நாள் பால் ஊற்றும் சடங்கு நடக்கும். கத்தி மோசமாக இருந்த காலத்தில் கவனிப்பு நன்றாக இருந்தது. இப்போது போனில் தேடினால் படித்த பிளாஸ்டிக் சர்ஜன்களின் பெயர்கள் வருகின்றன, கட்டணம் வருகிறது, முன்னும் பின்னுமான படங்கள் வருகின்றன. வெந்நீர் வைக்க ஆள் வருவதில்லை. வீட்டையும் விட்டுவிட்டு, ஜமாத்திலும் சேராமல், தனி அறை எடுத்துத் தங்கி ஆபரேஷன் செய்துகொள்ளும் புதிய தலைமுறைக்கு இதுதான் பெரிய ஓட்டை. புதிதாக உருவாக்கிய பெண்ணுறுப்பு சுருங்கிவிடாமல் இருக்க மாதக்கணக்கில், டாக்டர் சொன்ன நேரப்படி, அதற்கான கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்பதை வீடியோ சொல்லும். அந்த வலியோடு எழுந்து சமைக்க முடியாது என்பதைச் சொல்கிற வீடியோக்கள் குறைவு.

எந்தச் சொல்லைத் தட்டுவது?

1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது சென்னையில்தான். அதற்குப் பிறகு திருநங்கைகளின் உடல்நலத்தைப் பற்றி அரசும் தொண்டு நிறுவனங்களும் பேசத் தொடங்கியபோது, பேசியதெல்லாம் அந்த ஒன்றைப் பற்றியே. ஆணுறை, ரத்தப் பரிசோதனை, கூட்டு மருந்து. அது பல உயிர்களைக் காப்பாற்றியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு திருநங்கைக்குச் சர்க்கரை வரலாம், ரத்த அழுத்தம் வரலாம், முதுமை வரலாம், மனச்சோர்வு வரலாம் என்ற நினைப்பே பல ஆண்டுகளுக்கு இல்லை. கொடுத்த துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் இடுப்புக்குக் கீழேயே நின்றுவிட்டன.

திருநம்பிகள் அந்தப் பிரசுரத்திலும் இல்லை. பெண்ணாகப் பிறந்ததாகச் சொல்லப்பட்டு, ஆணாகத் தன்னை உணர்பவர்களுக்கு ஜமாத் மாதிரி அமைப்பு கிடையாது, கூவாகம் கிடையாது, குரு கிடையாது. கல்யாணம் பேசி முடிக்கும்வரை வீட்டைவிட்டு வெளியே வரவும் வழி இருக்காது. இப்படி இன்னொருவர் உலகத்தில் இருக்கிறார் என்பதே அவர்களில் பலருக்கு இணையம் வந்த பிறகுதான் தெரிந்தது. இணையம் திருநங்கைகளைவிடத் திருநம்பிகளுக்கே அதிகம் செய்திருக்கிறது.

சரி, எதைத் தட்டித் தேடுவது? 'அரவாணி' என்றால் பழைய செய்திகள். 2008-ல் தமிழக அரசு வாரியம் அமைத்தபோதுகூட அதற்கு அரவாணிகள் நல வாரியம் என்றே பெயர். 'திருநங்கை' என்று தட்டினால் சாதனைச் செய்திகள், சினிமா, ரயிலில் தகராறு, யாரோ சிலரின் காதல் கல்யாணம். 'மூன்றாம் பாலினம்' என்றால் கட்டுரைப் போட்டிக்கான உரைகள். 'திருநர்' என்ற பொதுச்சொல் இப்போது பரவலாகிறது என்றாலும் தேடுகிற பிள்ளைக்கு அந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் தமிழக அரசு 2022-ல் மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் இரவு பதினொரு மணிக்குத் தேடுகிறவர் அரசிதழ்ச் சொல்லைத் தட்டுவதில்லை. 'ஆண் பெண்ணாக மாறுவது எப்படி' என்று தட்டுகிறார். அந்தக் கேள்விக்கு வந்து நிற்பவர்களில் நாட்டு மருந்து விற்பவரும் உண்டு, வசியம் சொல்பவரும் உண்டு, மார்பு வளர எண்ணெய் விற்பவரும் உண்டு.

ஆங்கிலம் தெரிந்தவருக்கு வேறு பிரச்னை. அங்கே கிடைக்கும் தகவல் தரமானது. உலகத் திருநர் மருத்துவ வல்லுநர்கள் சங்கத்தின் எட்டாவது வழிகாட்டி 2022-ல் வந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் அந்த ஊரில் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையைச் சாதாரணமாக எழுதுவார்கள். துவாக்குடி மருந்துக்கடையில் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். அந்த நாடுகளின் சண்டைகளும் சேர்ந்து வருகின்றன. 2024 இறுதியில் பிரிட்டன், பருவ வளர்ச்சியைத் தள்ளிப்போடும் மருந்துகளைப் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள திருநர் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்குக் காலவரையற்ற தடை போட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஆட்சி மாறியதும், அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையதளத்திலிருந்து திருநர் தொடர்பான பக்கங்கள் மாயமாயின. சிலவற்றை நீதிமன்றம் தலையிட்டுத் திரும்பப் போடச் சொல்ல வேண்டியிருந்தது. அதே நேரத்தில் அமெரிக்க நிதி நின்றதால் ஹைதராபாத், புனே, தானே நகரங்களில் திருநர்களுக்காக நடந்துவந்த மித்ர் கிளினிக்குகள் கதவை மூடின. 2021-ல் தொடங்கிய ஹைதராபாத் கிளினிக், நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது. வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்தால் ஹைதராபாத்தில் ஒருவருக்கு மாத்திரைச் சீட்டு கிடைக்காமல் போகும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

போனுக்குத் தெரியாத எண்கள்

ஹார்மோன் சிகிச்சை எடுப்பவருக்கு முதல் வருஷத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள் நாளமில்லாச் சுரப்பி நிபுணர்கள். திருநங்கை என்றால் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் இரண்டின் அளவும் பார்க்க வேண்டும். ஆண் ஹார்மோனை அடக்க பலருக்கும் கொடுக்கப்படும் ஸ்பைரோனோலாக்டோன், உண்மையில் இதய நோயாளிகளுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தருகிற சிறுநீர் பிரியும் மாத்திரை. அது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத் துடிப்பு தடுமாறும். அதனால் பொட்டாசியமும் சிறுநீரகச் செயல்பாடும் பார்த்தாக வேண்டும். கல்லீரல், கொழுப்பு, சர்க்கரை எல்லாமும் உண்டு.

திருநம்பிக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும்போது ரத்தச் சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் கெட்டியாகலாம். ஹீமோகுளோபின் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். லேப் ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் 'சரியான அளவு' என்று போட்டிருப்பார்களே, அது ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. பதிவில் பெண் என்று இருக்கும் திருநம்பியின் ஹீமோகுளோபின் 16 என்று வந்தால் கம்ப்யூட்டர் அதை 'அதிகம்' என்று கறுப்பாக அடித்துக் காட்டும். ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு அது சாதாரணமாகவும் இருக்கலாம். அதைப் புரிந்து படிக்கத் தெரிந்த டாக்டர் வேண்டும். செயற்கை நுண்ணறிவிடம் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போட்டுக் கேட்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. என்ன ஊசி, எப்போது போட்டது, என்ன ஆபரேஷன் ஆனது என்று சொல்லாமல் போட்டால் அதுவும் லேப் கம்ப்யூட்டர் மாதிரியே பேசும்.

இன்னும் சில விஷயங்கள் தமிழில் போதிய அளவு சொல்லப்படவே இல்லை. ஊசியால் மாதவிடாய் நின்றுவிட்ட திருநம்பிக்கும் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டு. அந்த ஊசி கருத்தடை ஆகாது. கர்ப்பப்பை வாய் இருக்கும்வரை அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனையும் வேண்டும். மீசையோடு மகளிர் பிரிவு வரிசையில் எப்படி நிற்பது என்பதால் பலர் போவதே இல்லை. அறுவை சிகிச்சை முடிந்த திருநங்கைக்கும் புராஸ்டேட் சுரப்பி உடம்பிலேயே இருக்கிறது. அறுபது வயதில் சிறுநீர் அடைத்தால் அதையும் பார்க்க வேண்டும். ஹார்மோனால் குரல் மாறும் என்று நினைத்து டோஸைக் கூட்டும் திருநங்கைகள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குரலை மாற்றாது. பேச்சுப் பயிற்சி நிபுணர்தான் அதற்கு உதவ முடியும். டெஸ்டோஸ்டிரோன் குரலை மாற்றும், ஊசியை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது. பின்னால் சொந்தக் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், விந்தையோ கருமுட்டையையோ சேமித்து வைப்பது பற்றி முதல் மாத்திரைக்கு முன்னாலேயே பேச வேண்டும்.

அவசரத்தைப் பற்றியும் ஒன்று. ஈஸ்ட்ரோஜனால் மார்பு வளர்ச்சி தொடங்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்; முழுமையாக இரண்டு மூன்று வருஷம். டோஸை இரட்டிப்பாக்கினால் இந்தக் காலம் பாதியாகாது. பொறுக்க முடியாமல் சிலிகான் திரவத்தை ஊசியால் ஏற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது உடம்புக்குள் நகரும், சீழ் பிடிக்கும், நுரையீரலுக்கும் போகும். இதைச் செய்பவர் எத்தனை ஆயிரம் பேர் பின்தொடரும் பிரபலமாக இருந்தாலும் அதே கதிதான்.

ஆக, ஒரு வீடியோ நம்பத்தகுந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. பேசுபவர் எவ்வளவு மாத்திரை எடுத்தார் என்பதோடு, என்ன டெஸ்ட் எடுத்தார், ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் எதைக் குறைத்தார், எதை நிறுத்தினார் என்றும் சொல்கிறாரா? சொன்னால் உட்கார்ந்து கேட்கலாம். டோஸை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர் தன் கல்லீரலின் கதையைச் சொல்கிறார். கேட்பவரின் கல்லீரல் வேறு.

டாக்டருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது

'டாக்டரிடம் போ' என்று சொல்வது சுலபம். போனால் என்ன நடக்கிறது? ஜலதோஷத்துக்குப் போனாலும் 'ஆபரேஷன் ஆயிடுச்சா?' என்ற கேள்வி வரும். சில டாக்டர்கள் நல்ல மனதோடு, 'இதுபற்றி எனக்குப் படிப்பில் சொல்லித்தரவில்லை' என்று ஒப்புக்கொள்வார்கள். உண்மைதான். பல காலம் தடயவியல் மருத்துவப் பாடப்புத்தகத்தில் இவர்களைப் பற்றி இருந்ததெல்லாம் குற்றம், வக்கிரம் என்ற தலைப்புகளின் கீழே.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ஒரு முக்கியமான உத்தரவு போட்டார். பாதுகாப்பு கேட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கு அது. தீர்ப்பு எழுதும் முன் தனக்கே இந்த விஷயம் புரியவில்லை என்று சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டுவிட்டு எழுதினார். படித்தவர்கள் எல்லோரும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! பாலின, பாலீர்ப்பு அடையாளத்தை 'மாற்றும்' சிகிச்சைகளுக்கு அந்த உத்தரவு தடை விதித்தது. மருத்துவப் பாடங்களைத் திருத்தவும் வழிவகுத்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2021 அக்டோபரில் புத்தகங்களைத் திருத்தச் சொன்னது, 2022-ல் அத்தகைய 'மாற்று' சிகிச்சையைத் தொழில் ஒழுங்குமீறல் என்று அறிவித்தது. அதே ஆணையம் 2024 ஆகஸ்ட் இறுதியில் வெளியிட்ட பாடத்திட்டத்தில் பழைய குப்பையைத் திரும்பக் கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பர் முதல் வாரத்திலேயே திரும்பப் பெற்றது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019-ம் ஆண்டுச் சட்டத்தின் 15-வது பிரிவு, ஹார்மோன் சிகிச்சை, அறுவை சிகிச்சை, முன்னும் பின்னும் ஆலோசனை எல்லாம் அரசின் பொறுப்பு என்றது. சர்வதேச நெறிப்படி ஒரு மருத்துவக் கையேடு வெளியிட வேண்டும் என்றும் அதே பிரிவு சொன்னது. அந்தக் கையேடு தமிழில், மருந்துக்கடைக்காரர் முதல் வார்டு நர்ஸ் வரை எல்லார் போனிலும் இருந்திருந்தால், 'நான் இவ்வளவு எடுத்தேன்' வீடியோக்களுக்கு இவ்வளவு மவுசு இருந்திருக்காது.

பெற்றோரும் தேடுகிறார்கள்

மகனின் பையில் மாத்திரை அட்டையைப் பார்த்த அம்மாவும் போனைத்தான் எடுக்கிறார். 'இது குணமாகுமா?' என்று தட்டுகிறார். குணமாக்குகிறேன் என்று சொல்லும் விளம்பரங்கள் வரிசை கட்டும். பேய் ஓட்டுவது, லேகியம், மின் அதிர்ச்சி, கல்யாணம். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் இதை மனநோய்களின் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. 2022 ஜனவரி முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. நோயே இல்லாததைக் குணப்படுத்துவதாகச் சொல்லி வாங்குகிற பணம் எப்படிப்பட்ட பணம் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு ஒரே போன் இருக்கும் குடும்பங்களில் இன்னொரு சங்கடம். பிள்ளை தேடியதை யூடியூப் ஞாபகம் வைத்துக்கொண்டு, மறுநாள் அப்பா சமையல் வீடியோ பார்க்கும்போது அதையே நீட்டும். அதனால் வெடித்த சண்டையில் வீட்டைவிட்டுப் போன பிள்ளை, அடுத்த தகவலை பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருவரிடம் கேட்க வேண்டியிருக்கும். இந்தப் பத்தியைப் படிக்கும் அப்பாவோ அம்மாவோ அப்படி ஒரு தேடலைத் தற்செயலாகப் பார்க்க நேர்ந்தால், முதல் கேள்வி 'ஏன்டா இப்படி?' என்று இல்லாமல், 'ஏதாவது மாத்திரை போட்டுக்கிறியா? எத்தனை நாளா?' என்று இருந்தால் நல்லது. மற்றதைப் பேச வருஷங்கள் இருக்கின்றன. மாத்திரைக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. காலில் ஒருபக்கம் மட்டும் வீக்கம், வலி, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 108-ஐ அழைத்துவிட வேண்டும். எதைச் சாப்பிட்டார் என்பதை ஆஸ்பத்திரியில் மறைக்கவும் கூடாது.

அவசரமில்லாதவர்களுக்கு முதல் வேலை, தெரிந்த எம்.பி.பி.எஸ். டாக்டரிடம் ரத்தப் பரிசோதனைக்கு எழுதி வாங்குவது. துவாக்குடி அரசு மருத்துவமனையிலோ, திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலோ அதைத் தொடங்கலாம். பாலின வழிகாட்டு மருத்துவப் பிரிவு சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் இருக்கிறது. திருச்சிக்காரர்களுக்கு மதுரை பக்கம். எந்தக் கிழமை, இன்னும் அருகில் எங்கே என்பதை 104 என்ற தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணில் கேட்டுவிட்டுப் புறப்பட்டால் பஸ் காசு மிச்சம். மனம் தாங்காத இரவுகளில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். பணத்துக்கு, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் திருநர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அதற்குத் திருநர் சான்றிதழ் வேண்டும். இப்போதைய நடைமுறையை ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட சமூக நல அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

போகும்போது கொண்டுபோக வேண்டியவை: இதுவரை போட்ட மாத்திரைகளின் காலி அட்டைகள், எதை எந்த மாதம் தொடங்கியது என்ற குறிப்பு, வீட்டில் யாருக்காவது ரத்தக்கட்டி, மாரடைப்பு, மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்ற விவரம். ஊசி போடும் திருநம்பிகள் கடைசியாக ஊசி போட்ட தேதியையும் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு ஊசிகளுக்கு நடுவில் எடுத்த ரத்தத்தில்தான் டெஸ்டோஸ்டிரோன் அளவு சரியாகத் தெரியும். ஊசி போட்ட மறுநாள் எடுத்தால் கூடுதலாகக் காட்டும், அடுத்த ஊசிக்கு முந்தின நாள் எடுத்தால் குறைவாகக் காட்டும்.